யாரும் கேட்காத லேப்டாப்

ரத்த வங்கியில் அவளை எல்லோரும் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அவளைவிட வயதில் மூத்த ஆம்புலன்ஸ் டிரைவரும் அக்கா என்பார். ஓய்வுபெறப் போகிற பெரிய டாக்டர்கூட ஒருநாள் அவசரத்தில் வாய் தவறி அக்கா என்று கூப்பிட்டுவிட்டு, பிறகு அதையே வைத்துக்கொண்டார். நாமும் அப்படியே கூப்பிட்டுவிட்டுப் போவோம்.

அந்த அக்கா நாற்பத்தாறாவது வயதில் லேப்டாப் வாங்கக் கிளம்பினாள். பிள்ளைகளுக்காக இல்லை, தனக்காக. மருத்துவப் புள்ளியியலில் பட்டப்படிப்பு, வார இறுதி வகுப்பு. போன வருஷமே சேர்ந்து பாதியில் விட்டவள், இந்த வருஷம் மறுபடி சேர்ந்திருந்தாள். மறுசேர்க்கை ஒருவருக்கு ஒருமுறைதான், இதையும் விட்டால் அவ்வளவுதான் என்று கல்லூரி அலுவலகத்தில் சிரித்த முகத்தோடு சொல்லி அனுப்பினார்கள். ரத்த வங்கியில் மேற்பார்வையாளர் நாற்காலி காலியாகப் போகிறது. அதில் உட்காரப் பட்டம் வேண்டும். நாற்காலி கிடக்கட்டும், அவளுக்குப் படிப்பே பிடித்திருந்தது. ஒரு குவியல் எண்ணுக்குள்ளிருந்து ஒரு விஷயம் மெல்லத் தலை காட்டும்போது, சின்ன வயதில் ஒளிந்து விளையாடியவர்களைக் கண்டுபிடித்த சந்தோஷம் வந்தது.

போன வருஷம் ஏன் விட்டாள் என்று கேட்டவர்களிடமெல்லாம், "வேலை ஜாஸ்தி, முடியல" என்று சொல்லி வைத்திருந்தாள். வீட்டிலும் அதையேதான் சொன்னாள். நடந்தது வேறு.

அந்த வீட்டில் அம்மாவுக்கு என்று வாங்கிய எதுவும் அம்மாவிடம் தங்கியதில்லை. அவளுடைய ஸ்கூட்டர் மகனிடம் இருந்தது. அவளுடைய நல்ல ஹெட்ஃபோன் மகளின் கழுத்தில் தொங்கியது. முதுகு வலிக்கு டாக்டர் சொல்லி வாங்கிய நாற்காலியில் வீட்டுக்காரர் உட்கார்ந்து செய்தி பார்த்தார். யாரும் பிடுங்கவில்லை. "அம்மா, ஒரு பத்து நிமிஷம்" என்று கேட்டு வாங்கிப் போனார்கள். அந்தப் பத்து நிமிஷம் இன்னும் முடியவில்லை, அவ்வளவுதான். போன வருஷம் "அம்மா படிப்புக்கு" என்று வாங்கிய லேப்டாப்பும் அந்த வழியில்தான் போனது. மகன் அதில் கேம் விளையாடினான், மகள் வீடியோ வெட்டி ஒட்டினாள், லாரி அலுவலகத்தில் கணக்கு எழுதும் வீட்டுக்காரர் பில்லிங் மென்பொருளை ஏற்றிக்கொண்டார். பக்கத்துத் தெருவிலிருந்து கொழுந்தன்கூட, "அண்ணி, ஒரே ஒரு பிரிண்ட்" என்று வாரம் தவறாமல் வந்தான். அக்காவின் பங்கு மூலையில் ஒரு ஃபோல்டர்.

பருவத்தின் கடைசி அசைன்மென்ட் அந்த ஃபோல்டரில்தான் இருந்தது. அதைக் குறித்த நாளில் கொடுக்காவிட்டால் அந்த வருஷம் தேற முடியாது. ஒப்படைக்க வேண்டிய நாளன்று காலையில் லேப்டாப்பைத் திறந்தால், திரை கழுவித் துடைத்தாற்போலப் பளிச்சென்று இருந்தது. வீட்டுக்காரர் பின்னாலேயே வந்து நின்றார். முகத்தில் அத்தனை பெருமை.

"ரொம்ப ஸ்லோவா இருந்துச்சில்ல? எல்லாத்தையும் அழிச்சிட்டு விண்டோஸைப் புதுசா போட்டுட்டேன். என் பில்லிங் ஃபைலை மட்டும் பத்திரமா எடுத்து வெச்சுக்கிட்டேன். உன்னோடது ஏதாவது இருந்துச்சா?"

அக்கா, "இல்லங்க" என்றாள்.

ஏன் அப்படிச் சொன்னாள் என்று நினைத்தால் எனக்கே ஆத்திரம் வருகிறது. ஒரு கத்து கத்தியிருக்க வேண்டாமா? குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள், முகம் கழுவிக்கொண்டு வேலைக்குப் போனாள். அத்தோடு அந்த வருஷப் படிப்பு முடிந்தது. இத்தனை வருஷத்தில் அந்த வீட்டில் யாரிடமும் "தர முடியாது" என்று அவள் சொன்னதில்லை. நாக்குக்கு அது பழக்கமே இல்லை.

சண்டை போட வராதே தவிர, அக்காவுக்குத் திட்டம் போட நன்றாக வரும். இந்த முறை லேப்டாப்பைத் தன் சம்பளத்தில், தானே பார்த்து வாங்குவது என்று முடிவு செய்தாள். எதை வாங்கினால் அது தன் கையிலேயே இருக்கும் என்பதுதான் அவளுக்கு முன்னால் இருந்த கேள்வி. அதற்குப் பதில் வகுப்பில் பக்கத்து இருக்கையிலிருந்து கிடைத்தது.

பக்கத்து இருக்கைக்காரன் குடிநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தில் தண்ணீரைச் சோதிக்கிற இளைஞன். வகுப்பில் அவனுக்குக் குளோரின் என்று பட்டப்பெயர். செய்கிற வேலைக்காக வைத்த பெயர் இல்லை. அவன் வந்து உட்கார்ந்தால் சுற்றுவட்டாரத்தில் அரட்டைக் கிருமி ஒன்றுகூட உயிரோடு இருக்காது, அவ்வளவு சீரியஸான ஆள். இடைவேளையில் தேநீர் இயந்திரத்துக்கு முன்னால் நின்றபோது அக்கா அவனிடம் பேச்சைத் தொடங்கினாள்.

"நீ என்ன லேப்டாப் வெச்சிருக்க?"

"பழசுதாங்க்கா. விண்டோஸுக்குப் பதிலா லினக்ஸ் போட்டு ஓட்டறேன்."

"நம்ம பாடமெல்லாம் அதுல ஓடுமா?"

"தாராளமா. ஆர் ஓடும். எழுத, ஸ்லைடு போட எல்லாத்துக்கும் இருக்கு. நம்ம சாரே அதுலதான நடத்தறாரு." ஆர் என்பது அவர்கள் பாடத்துக்கு உயிரான மென்பொருள். ஒற்றை எழுத்தில் பெயர் வைத்துவிட்டு, ஒரு வருஷம் முட்டி மோதினாலும் முழுதாகப் பிடிபடாத சங்கதி.

"அப்ப நானும் அதையே போட்டுக்கறேன்."

குளோரின் கோப்பையைக் கீழே வைத்தான். அவனுக்கு மனசாட்சி கொஞ்சம் அதிகம். "ஒரு விஷயம் முன்னாடியே சொல்லிடறேன்க்கா, அப்புறம் என்னைத் திட்டாதீங்க. கேம் ஆடறவங்களுக்கு இது சரிப்படாது, நேரா போட்டா ஓடாது. கடை பில்லிங், கணக்கு சாஃப்ட்வேர் எல்லாம் மக்கர் பண்ணும். வீடியோ எடிட் பண்றதுக்கு எல்லாரும் வெச்சிருக்காங்களே, அது இதுல வராது. வீட்டுல மத்தவங்களும் யூஸ் பண்ணணும்னா ரொம்பக் கஷ்டம்."

"இன்னொரு தடவை சொல்லு."

"எதைக்கா?"

"கடைசியா சொன்னதை."

அவன் மறுபடி சொன்னான். அக்காவுக்கு உச்சி குளிர்ந்தது. ஏன் இப்படிச் சிரிக்கிறாள் என்று குளோரினுக்கு விளங்கவில்லை. ஆனாலும் பையிலிருந்து ஒரு பென் டிரைவை எடுத்துக் கொடுத்தான். "இதுல லினக்ஸ் இருக்கு. கடையிலயே செருகி ஓட்டிப் பாருங்க. மெஷின்ல எதையும் தொடாது. பிடுங்கிட்டா பழையபடி ஆயிடும். ஒத்துவந்தா மட்டும் வாங்குங்க."

பென் டிரைவைக் கையில் வாங்கியபோதே அக்காவுக்கு விஷயம் பிடிபட்டுவிட்டது. இது அவள் தினமும் செய்கிற வேலைதான். ரத்த வங்கியில் பையில் என்ன குரூப் என்று கொட்டை எழுத்தில் ஒட்டியிருந்தாலும் அதை அப்படியே நம்பி யாருக்கும் ஏற்றிவிட மாட்டார்கள். நோயாளியின் ரத்தத்திலிருந்து ஒரு துளி, பையிலிருந்து ஒரு துளி, இரண்டையும் சின்னக் கண்ணாடிக் குழாயில் கலந்து, சுழற்றி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார்கள். திரிந்து கட்டியாகச் சேர்ந்தால் ஆகாது. கலங்காமல் ஒன்றாய் ஓடினால் கொடுக்கலாம். கல்யாணத்துக்குப் பொருத்தம் பார்க்கிறவர்கள்கூட இவ்வளவு கறாராகப் பார்ப்பதில்லை. பத்தொன்பது வருஷமாக அந்தக் குழாயைப் பிடித்துப் பார்த்த கை அது. கடைக்காரர் காட்டும் காகிதத்தை நம்பி எதையும் வாங்காது.

ஞாயிற்றுக்கிழமை லேப்டாப் வாங்க நாலு பேர் போனார்கள். அதில் மூன்று பேர் கருத்துச் சொல்லப் போனவர்கள். கடை நீளமாக, குளிராக, ஒரே வெள்ளை வெளிச்சமாக இருந்தது. மேஜை மேல் வரிசையாக லேப்டாப்கள் வாயைத் திறந்து வைத்திருந்தன. மகன் நேராக, விசைகளுக்கு அடியில் வானவில் ஓடும் ஒரு மெஷின் முன்னால் போய் ஆணி அடித்தாற்போல் நின்றுவிட்டான்.

"அம்மா, இதை வாங்கு. கிராஃபிக்ஸ் கார்டு செமயா இருக்கு. உனக்கு ரொம்ப வருஷம் வரும்."

"எனக்குக் கிராஃபிக்ஸ் எதுக்குடா?"

"கிராஃப் போடுவல்ல?"

விற்பனையாளர் சிரிப்பை அடக்கிக்கொண்டார். நல்ல மனிதர், விற்கிற பொருளைப் பற்றி விவரம் தெரிந்தவர். "என்ன படிக்கறீங்க மேடம்?" என்று அவர் ஒருத்தர்தான் கேட்டார். அக்கா சொன்னாள். மெமரி இவ்வளவு வேண்டும், பிறகு கூட்டிக்கொள்ள வழி வேண்டும், விசைப்பலகை விரலுக்கு வாகாக இருக்க வேண்டும், ஒரு வகுப்பு முழுக்க சார்ஜ் தாங்க வேண்டும் என்று அடுக்கினாள். பிறகு பென் டிரைவை எடுத்து, இதைச் செருகிப் பார்க்கலாமா, உள்ளே இருப்பது எதையும் தொடாது என்று கேட்டாள்.

"லினக்ஸா?" என்றார் அவர், புருவத்தைத் தூக்கி. உள்ளே போய் மேலாளரிடம் கேட்டுவிட்டு வந்து, "பாருங்க மேடம். எந்த கீயை அமுக்கணும்னு நான் சொல்றேன்" என்றார்.

வானவில் மெஷினிலேயே தொடங்கினாள். லினக்ஸ் ஓடியது, திரை வந்தது. வைஃபை வரவில்லை. அக்கா இரண்டு முறை அணைத்துப் போட்டுப் பார்த்தாள். ஊஹூம்.

"சேரல" என்றாள்.

"அதுக்கு டிரைவர் சாஃப்ட்வேர் தேடிப் போட்டா வந்துடும்மா!" என்று மகன் பதறினான்.

"வரும். இல்லாட்டி வராது. சேராததை நான் எடுக்கறதில்ல."

அடுத்து வீட்டுக்காரர் தன் விருப்பத்தைக் காட்டினார். நோட்டுப் புத்தகம்போல மெல்லிசாக, வெள்ளி நிறத்தில், நம்பர் விசைகளுக்குத் தனி இடத்தோடு ஒன்று. "இதுல கணக்குப் போட வசதியா இருக்கும் பாரு" என்றார், யாருடைய கணக்கு என்று சொல்லாமல். அதில் வைஃபை வந்தது. ஆனால் மூடித் திறந்தால் எழுந்திருக்க மறுத்தது. மகள் காட்டியதில் தொடுதிரை நன்றாக இருந்தது, ஒலி வரவில்லை. வகுப்பு பாதி நாள் இணையத்தில் நடக்கும்போது ஊமை லேப்டாப்பை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

கடைசியாக, ஓரத்தில் தூசி படிந்து கிடந்த ஒன்றை விற்பனையாளரே எடுத்து வந்தார். அலுவலகங்கள் மொத்தமாக வாங்கிப் போகிற ரகம். தடியாக, சாம்பல் நிறத்தில், பார்க்கத் தகர டப்பா மாதிரி இருந்தது. அக்கா பென் டிரைவைச் செருகினாள். வைஃபை, ஒலி, கேமரா எல்லாம் வந்தன. மூடித் திறந்தால் உடனே விழித்தது. விசைகளை அமுக்கினால் ஒவ்வொன்றும் அழுத்தமாக டக்கென்று பேசியது. பின்பக்கம் திருப்பினால் நாலு திருகைக் கழற்றி மெமரி கூட்டிக்கொள்ளலாம்.

மூன்று பேருடைய முகமும் தொங்கிப்போனது.

"அம்மா, இதை வெளிய எடுத்துட்டுப் போனா மானம் போயிடும்" என்றாள் மகள்.

அக்கா அப்படியா என்பதுபோல லேப்டாப்பைப் பார்த்தாள். பிறகு விற்பனையாளரிடம் திரும்பி, "இதைவிட மங்கலான கலர் இருக்கா?" என்று கேட்டாள்.

வீட்டுக்கு வந்ததும் மேஜையில் வைத்து, அன்றைக்கே லினக்ஸைப் போட உட்கார்ந்தாள். ரத்த வங்கியில் ஒரு வழக்கம் உண்டு. பை வெளியே போகும் முன் ஒருவர் ஒட்டுச் சீட்டை உரக்கப் படிக்க வேண்டும், இன்னொருவர் கேட்டுச் சரி சொல்ல வேண்டும். ஒற்றை ஆளாக எதையும் அனுப்பக் கூடாது. கையில் கிடைத்த இரண்டாவது ஆள் மகள்தான்.

"இதைப் படி" என்றாள் அக்கா.

மகள் படித்தாள். "வட்டிலுள்ள அனைத்தும் அழிக்கப்படும். தொடரலாமா?"

"சரி."

"அம்மா, விண்டோஸும் போயிடுமே?"

"போகட்டும்."

தன்னுடைய வீடியோ மென்பொருளுக்கும் சேர்த்துத்தான் கதவைச் சாத்துகிறோம் என்று தெரியாமல் அந்தப் பெண் விசையை அமுக்கினாள். பாவம்தான். ஆனால் அக்காவுக்குத் துளி வருத்தமும் இல்லை. நிர்வாகிக் கடவுச்சொல் கேட்டபோது மட்டும் மகளை எழுந்து போகச் சொன்னாள்.

அதற்குப் பிறகு வந்த நாட்கள் பொற்காலம். முதலில் மகன் வந்தான், தன் கேமைப் பென் டிரைவில் போட்டுக்கொண்டு. கொஞ்ச நேரம் முட்டிப் பார்த்துவிட்டு, "இது திறக்கவே மாட்டேங்குதும்மா" என்றான். "இதுல ஓடாதுப்பா" என்றாள் அக்கா, முகத்தை வருத்தமாக வைத்துக்கொண்டு. வீட்டுக்காரர் பில்லிங் மென்பொருளோடு வந்தார். "இதுல ஓடாதுங்க." மகள் வந்தாள். "ஓடாதும்மா, நான் என்ன பண்ணட்டும்?" எல்லோரும் முணுமுணுத்தபடி பழைய லேப்டாப்புக்கே போய் வரிசையில் நின்றார்கள். கொழுந்தன் வந்து தூரத்திலிருந்தே பார்த்துவிட்டு, "இது வேற என்னமோ இருக்கே அண்ணி" என்று கம்பி நீட்டினான். உண்மையில் பிரிண்டர் மட்டும் யாரும் சொல்லாமலே, செருகிய மறுநொடி வேலை செய்தது. அதை அக்கா யாரிடமும் மூச்சுவிடவில்லை.

வீட்டில் அவளைப் பார்த்து உச்சுக்கொட்டினார்கள். "அம்மாவை நல்லா ஏமாத்தி டப்பாவைத் தலையில கட்டிட்டாங்க" என்று மகன் போனில் நண்பர்களிடம் சொல்வது காதில் விழும். அக்கா அதைக் கேட்டுக்கொண்டே, காலை நீட்டி, சாவகாசமாக ஆரில் வரைபடம் போட்டுக்கொண்டிருப்பாள். "ஓடாது" என்ற அந்த ஒரு சொல் அவளுக்கு அவ்வளவு இனித்தது. அவள் யாரையும் மறுக்க வேண்டியிருக்கவில்லை. அவளுக்குப் பதிலாக மெஷின் மறுத்தது.

முதல் பருவம் தாண்டியது. இரண்டாம் பருவத்தில் ஆய்வு அறிக்கை ஒன்று எழுத வேண்டும். அதில் தேறினால்தான் அடுத்த வருஷத்துக்குள் நுழைய முடியும். அக்கா தன் வேலையையே எடுத்துக்கொண்டாள். ரத்தத் தட்டணுக்கள் ஐந்து நாள்தான் தாங்கும். அதற்குள் யாருக்கும் தேவைப்படாவிட்டால் பையோடு கொட்ட வேண்டியதுதான். யாரோ ஒருவர் கையை நீட்டிக் கொடுத்ததைக் குப்பைக்கு அனுப்ப அவளுக்கு மனசே வராது. எந்தக் கிழமை அதிகம் வீணாகிறது, ஏன் என்று பெரிய டாக்டரிடம் அனுமதி வாங்கி, பெயர்களை நீக்கிய எண்களை வைத்துத் தேடினாள். நீண்ட விடுமுறைக்கு முன்னால் அறுவை சிகிச்சைகளைத் தள்ளிப்போடுகிறார்கள், ஆனால் சேகரிப்பை யாரும் குறைப்பதில்லை. அதுதான் விஷயம். எண்களுக்குள்ளிருந்து அது தலை காட்டிய அன்று, ரத்த வங்கியில் இருந்த எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினாள்.

அறிக்கையை அனுப்பக் கடைசி நாள் வகுப்பு இல்லாத ஒரு சனிக்கிழமை, மாலை ஆறு மணி. மதியச் சாப்பாடு முடிந்ததும் மேஜையைத் துடைத்துவிட்டு உட்கார்ந்தாள். முடிவுரையும் இரண்டு வரைபடமும் பாக்கி. நேரம் சரியாக இருக்கும், கூடுதலாக இருக்காது. நாலாவது வரியில் இருந்தபோது மகன் தன் அறையிலிருந்து ஓடி வந்தான்.

"அம்மா! விஷயம் தெரியுமா? லினக்ஸ்லயும் என் கேம் ஓடுமாம்! நடுவுல ஒரு சாஃப்ட்வேர் போட்டா போதுமாம். என் ஃப்ரெண்டு ஓட்டிக் காட்டிட்டான். நம்ம பழைய லேப்டாப்பைவிட இதுல ஸ்பீடா வேற ஓடுமாம்!"

அக்காவின் விரல்கள் விசைப்பலகை மேல் நின்றன.

"எல்லாரும் ஆன்லைன்ல எனக்காகக் காத்துக்கிட்டு இருக்காங்க. பாஸ்வேர்டை மட்டும் சொல்லும்மா. பத்து நிமிஷம்."

சத்தம் கேட்டு வீட்டுக்காரரும் எட்டிப் பார்த்தார். "அட, நானும் சொல்லணும்னு இருந்தேன். எங்க பில்லிங்கும் இப்ப பிரவுசர்லயே வருதாம். எதுல வேணாலும் திறக்கலாமாம். இவன் முடிச்சதும் எனக்குக் குடு, ஒரு பத்து நிமிஷம்."

அக்கா இவ்வளவு நாள் பார்த்துப் பார்த்துக் கட்டிய மதில் ஒரு நிமிஷத்தில் மண்ணாகப் போனது. அதைவிடக் கொடுமை, அவள் கை தானாகவே கோப்பைச் சேமித்து மூடிக்கொண்டிருந்தது. கால் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளியது. யாராவது கேட்டால் எழுந்து இடம் விடுவது உடம்புக்குப் பழகிப்போயிருந்தது. எழுந்து நின்றுவிட்டாள். மகன் ஏற்கெனவே நாற்காலியின் முதுகைப் பிடித்திருந்தான்.

அப்போதுதான் அவளுக்குக் கோபம் வந்தது. மகன் மேல் இல்லை, வீட்டுக்காரர் மேல்கூட இல்லை. எழுந்து நின்ற தன் கால்கள் மேல் வந்தது.

அக்கா மறுபடி உட்கார்ந்தாள்.

"தர மாட்டேன்."

"ஏம்மா, ஓடாதா?"

"ஓடும். ஆனா தர மாட்டேன்."

மகன் ஏதோ புரியாத மொழியைக் கேட்டவன்போலப் பார்த்தான். "பத்து நிமிஷம்தானம்மா."

"பத்து நிமிஷமும் தர மாட்டேன். இது என்னோடது. எனக்கு வேலை இருக்கு."

அவன் அப்பாவைப் பார்த்தான். பிறகு நாற்காலியை விட்டுவிட்டு, "சரிம்மா" என்றான். "நான் பழசுலயே ஆடிக்கறேன்."

அவ்வளவுதான். கூரை இடிந்து விழவில்லை, யாரும் முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்ளவில்லை. "சரிம்மா" என்று ஒரு சொல்லில் முடிந்தது. அக்காவுக்குச் சிரிப்பு வந்தது. இதற்காகவா? இந்த ஒரு "சரிம்மா"வுக்குப் பயந்துகொண்டா ஸ்கூட்டர், ஹெட்ஃபோன், நாற்காலி, ஒரு வருஷப் படிப்பு எல்லாவற்றையும் தூக்கிக் கொடுத்தாள்?

வீட்டுக்காரர் இன்னும் போகவில்லை. "என்ன, ஒரு மாதிரி இருக்க? அப்படி என்ன அவசர வேலை?" என்றார். கேலியாக இல்லை, நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டார்.

அக்கா அவர் பக்கம் திரும்பினாள்.

"போன வருஷம் நீங்க விண்டோஸ் புதுசா போட்டீங்களே, ஞாபகம் இருக்கா?"

"ஆமா."

"உன்னோடது ஏதாவது இருந்துச்சான்னு கேட்டீங்க. நான் இல்லன்னேன். இருந்துச்சு. அன்னிக்குக் குடுக்க வேண்டிய அசைன்மென்ட் இருந்துச்சு. அது போனதாலதான் நான் படிப்பை விட்டேன். வேலை ஜாஸ்தின்னு சொன்னதெல்லாம் பொய்."

அவர் முகத்தில் ரத்தமே இல்லை. "நீ சொல்லவே இல்லையே" என்றார், குரல் இறங்கி.

"சொல்லல. இப்ப சொல்றேன். இந்தத் தடவை போச்சுன்னா எனக்கு வேற தடவை கிடையாது. இன்னிக்கு ஆறு மணிக்குள்ள அனுப்பணும்."

அவர் கடிகாரத்தைப் பார்த்தார். எதற்கும் பதறாத மனுஷன் பதறிவிட்டார். மகனை ஒரு அதட்டல், மகளை ஒரு கூப்பாடு. "எல்லாரும் செருப்பைப் போடுங்க, வெளிய போயிட்டு வருவோம். அம்மா படிக்கட்டும். நைட்டு வரைக்கும் யாரும் வீட்டுப் பக்கமே வரக் கூடாது."

"ஐயோ, எங்கயும் போக வேணாங்க" என்றாள் அக்கா. "இங்கயே இருங்க. டிவி பாருங்க, சண்டை போடுங்க, என்ன வேணாலும் பண்ணுங்க. என்கிட்ட எதையும் கேக்காம இருந்தா போதும்."

சொல்லிவிட்டுக் கோப்பைத் திறந்தாள். நாலாவது வரி பாதியில் நின்றிருந்தது. பின்னால் மூன்று பேரும் என்ன செய்வதென்று தெரியாமல் நிற்கிறார்கள் என்று தெரிந்தது. அவள் திரும்பிப் பார்க்காமல் தட்டத் தொடங்கினாள்.